அணைக்குக் கீழே ஸ்ட்ரைப்பர் மீன்: மூவர் நேரில் கண்டவை

சாக்ரமெண்டோவிலிருந்து

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு என்ற மூன்று எண்களை நாளிதழில் பார்த்தே வளர்ந்தவன் நான். இன்று மீன் பிடிக்கப் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் அதே வகை எண்களைக் கைப்பேசியில் தேடுகிறேன். நான் தூண்டில் போடுவது கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரின் ஊடே ஓடும் அமெரிக்கன் ஆற்றில், நிம்பஸ் அணைக்குக் கீழே. அணையிலிருந்து சாக்ரமெண்டோ ஆற்றில் கலக்கும் இடம் வரை இந்த ஆறு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் ஓடுகிறது. மேலே ஃபோல்சம் என்ற பெரிய அணை இருக்கிறது. அது மின்தேவைக்கேற்ப நீரைக் கூட்டியும் குறைத்தும் விடும். அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கி, ஒரே சீராக ஆற்றில் விடுவதற்காகவே சிறிய நிம்பஸ் அணை கீழே கட்டப்பட்டது. ஆகவே இங்கே தண்ணீர் திடீரென்று ஏறுவது அரிது. ஆனால் மெல்ல மாறும், அந்த மாற்றத்தைக் கவனிக்காதவனுக்கு ஆறு ஒன்றும் தராது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் சந்திப்பு தற்செயலானது. மே மாதக் கடைசியில் ஒரு மாலை, ரோஸ்மூர் பார் என்ற ஆற்றுத்திட்டின் பக்கம் இடுப்பளவு நீரில் நின்று, ஆறாம் எண் கோலில் சிறிய இளஞ்சிவப்பு ஃப்ளை (கையால் கட்டிய செயற்கை இரை) கட்டி ஷேட் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷேட் என்பது நம்முடைய உல்லம் மீனுக்குத் தூரத்து உறவு. அதைப் போலவே முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வரும். ஒன்றரைக் கிலோ இருக்கக்கூடிய ஒரு ஷேட்டைக் காலடி வரை இழுத்துவிட்டேன். அது பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளியாக மின்னிய அந்த நேரத்தில், அதன் பின்னால் ஆற்றின் அடித்தரையே நகர்வது போல் ஒரு நிழல் எழுந்தது. முதுகு கரும்பச்சை, விலாவில் தலை முதல் வால் வரை கோடு போட்டாற்போல் ஏழெட்டுக் கரிய வரிகள். வாய் திறந்தது, ஷேட்டைக் குறுக்கே கவ்வியது, என் முழங்காலில் நீர் அறைந்தது. கோல் வளைந்து பிடி வரை வந்தது. பத்து வினாடிகூட ஆகியிராது, ஷேட் மட்டும் திரும்பி வந்தது, இரு பக்கமும் செதில் உரிந்து, அரம் போட்டுத் தேய்த்தாற்போல. இந்த மீனின் பல் நம் வஞ்சிரத்தின் பல்லைப் போல் வெட்டுவதில்லை, உப்புத்தாள் போல் தேய்க்கும் என்பதை அன்று அந்த ஷேட்டின் உடம்பில் பார்த்தேன்.

ஸ்ட்ரைப்டு பாஸ் என்று முழுப்பெயர். இங்குள்ளவர்கள் ஸ்ட்ரைப்பர் என்பார்கள். கொடுவாவை அறிந்தவர்களுக்கு இதன் குணம் பாதி புரிந்துவிடும்: பாறை ஓரத்தில், நுரைக்கோட்டின் கீழே பதுங்கியிருந்து பாய்ந்து விழுங்கும். ஆனால் வாழ்க்கைப் பாதை தலைகீழ். கொடுவா கடல்முகத்தில் முட்டையிட்டு, குஞ்சுகள் ஆற்றுக்குள் ஏறும். ஸ்ட்ரைப்பர் ஆற்றில் முட்டையிட்டுக் கழிமுகத்துக்கும் கடலுக்கும் இறங்கும். இன்னொன்று, அது கலிஃபோர்னியாவின் மீனே அன்று. 1879-இல் நியூ ஜெர்சியின் நேவசிங்க் ஆற்றில் பிடித்த இளமீன்களை ரயிலில் ஏற்றி, கண்டம் கடந்து கொண்டுவந்து, உயிரோடு மிஞ்சிய 132 மீன்களை மார்ட்டினெஸ் அருகே கார்கினெஸ் நீரிணையில் விட்டார்கள். ஷேட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1871-இல், அதே ரயில்பாதையில் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. என் கண்முன் நடந்த வேட்டையில் வேட்டையாடியதும் இரையும் கிழக்குக் கரையிலிருந்து ரயிலேறி வந்தவை. குஞ்சுச் சால்மன்களை ஸ்ட்ரைப்பர் தின்றுவிடுகிறது என்று இங்கே ஒரு பெரிய சச்சரவு உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அணைகள் சால்மனின் பழைய முட்டையிடும் இடங்களுக்குப் போகும் வழியையே அடைத்துவிட்ட பிறகு, பழி முழுவதையும் ஒரு மீனின் மேல் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த மாலைக்குப் பிறகு மூன்று வாரம், விடியற்காலைகளில் அதைவிட வலுவான எட்டாம் எண் கோலோடு போனேன். ஓட்டத்தின் அடியைத் தொடும்படி கனமான மூழ்கும் லைன், அதன் முனையில் லைனையும் ஃப்ளையையும் இணைக்க நான்கடி நீளத்துக்கு மட்டும் தடித்த நரம்பு, அதில் மான்வால் மயிரில் ஈயக் கண் வைத்துக் கட்டிய கிளவுசர் என்ற ஃப்ளை. நரம்பை நீளமாக விட்டால் லைன் அடியில் போக ஃப்ளை மேலே மிதக்கும். இந்தச் சிறு கணக்கு புரியாமல் முதல் வாரம் வீணாயிற்று. இரண்டாம் வாரம் ஒரு மீன் கவ்வியது. ட்ரௌட் பிடித்த பழக்கத்தில் கோலை மேலே தூக்கினேன், ஃப்ளை வாயிலிருந்து வழுகி வெளியே வந்தது. கோலை நீரை நோக்கியே நீட்டி வைத்துக்கொண்டு, இடக்கையால் லைனை வெட்டி இழுத்தால்தான் அந்தக் கெட்டியான வாயில் தூண்டில் முள் பதியும். இதை எனக்குப் பலர் முன்பே சொல்லியிருந்தார்கள். கேட்பது வேறு, கை பழகுவது வேறு.

மூன்றாம் வாரத்தில்தான் எண்கள் கைகொடுத்தன. திறப்பை வினாடிக்கு 4,000 கன அடியிலிருந்து 3,000-க்குப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் நான் வழக்கமாக உட்காரும் கூழாங்கல்லில், முன்தினம் நீர் நின்ற இடத்தில் ஓர் ஈரக்கோடு. இன்றைய நீர் அதற்கு நான்கு விரற்கடை கீழே. தங்கவேட்டைக் காலத்துத் தூர்வாரும் இயந்திரங்கள் புரட்டிப் போட்ட கற்குவியல்கள் இந்த ஆற்றங்கரை நெடுகக் கிடக்கின்றன. நீர் இறங்கியபோது அப்படிப்பட்ட கற்களாலான ஒரு திட்டின் விளிம்பு வெளியே தெரிந்தது. அதன் கீழ்ப்புறம் வேகநீரும் மெதுநீரும் உரசும் மடிப்பு. முந்தின நாள்களில் அந்த விளிம்பின் மேல் நீர் பரவி ஓடியதால் சின்ன மீன்களுக்குப் போக்கிடம் பரந்து இருந்தது. இப்போது அவை எல்லாமே அந்த ஒரு மடிப்பின் வழியாகத்தான் போக வேண்டும். குறுக்கே வீசி, லைன் மூழ்கப் பன்னிரண்டு வரை எண்ணி, கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தேன். நான்காவது வீச்சில் லைன் நின்றது. கல்லில் சிக்கியது என்றுதான் நினைத்தேன். பிறகு கல் புறப்பட்டுப் போனது. 28 அங்குலம். வாலடியைப் பற்றித் தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து நின்றேன். செவுள் நான்கைந்து முறை பெருமூச்சு விடுவது போல் திறந்து மூடிய பின், வாலால் என் முகத்தில் நீரடித்துவிட்டுப் போயிற்று.

பால்டிமோரிலிருந்து

சாக்ரமெண்டோ நண்பரே, உங்கள் ஆற்றில் தண்ணீரைச் சீராக்க இரண்டாவது அணை இருக்கிறது; உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். நான் போவது மேரிலாந்தில் சஸ்குவஹானா ஆற்றின் கானவிங்கோ அணைக்குக் கீழே. 1928-இல் முடிக்கப்பட்ட அந்த அணைக்குக் கீழே சுமார் 16 கிலோமீட்டரில் செசபீக் விரிகுடா தொடங்கிவிடுகிறது. இடையில் நீரைத் தாங்கிக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது. மின்தேவை கூடினால் டர்பைன்கள் ஓடும், ஆறு ஏறும். தேவை குறைந்தால் டர்பைன்கள் நிற்கும், ஆறு இறங்கிப் பாறைகள் எலும்பு போல் வெளியே தெரியும். ஸ்ட்ரைப்பர் இங்கே ராக்ஃபிஷ். மேரிலாந்தின் மாநில மீனும் அதுவே.

மீன் அணையடியில் கூடுவதற்குக் காரணம் எளியது. டர்பைன் வழியாக வரும் கிஸர்ட் ஷேட் என்ற சிறு மீன்கள் அடிபட்டோ தலைசுற்றியோ கீழே வந்து விழுகின்றன. மேலிருந்து நாரைகளும் கழுகுகளும், கீழிருந்து ஸ்ட்ரைப்பர்களும் பந்தியில் உட்காருகின்றன. நவம்பரில் இங்கே கழுகுகளைப் படமெடுக்க வருபவர்களின் கூட்டம் மீன்பிடிப்பவர்களின் கூட்டத்தை விஞ்சிவிடும். இரை டர்பைன் வழியாக வருவதால், இறக்கமான நீரில் பாறை இடுக்குகளில் வீசுவதைவிட, டர்பைன் ஓடத் தொடங்கும் முதல் நிமிடங்களில்தான் மீன் வெறிகொண்டு கடிக்கும். ஆபத்தும் அதே நிமிடங்களில்தான்.

ஒரு ஜூன் மாலை. நீர் இறங்கியிருந்தது, ஒன்றிலிருந்து ஒன்றாகப் பாறைகளில் கால் வைத்து வெகுதூரம் உள்ளே போய்விட்டேன். பையை ஒரு தட்டையான பாறையில் வைத்திருந்தேன். மீன் மாட்டியது, நல்ல மீன். அப்போது எச்சரிக்கைச் சங்கு ஊதியது, சிவப்பு விளக்குகள் சுழன்றன. அங்கே நின்றிருந்த மற்ற மூவரும் லைனைச் சுருட்டிக்கொண்டு உடனே கரைக்குத் திரும்பினார்கள். நான் இன்னும் இரண்டே நிமிடம் என்றேன், எனக்குள். சங்கு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, கேளாதவன் நான். மீன் அருகில் வந்தபோது முழங்காலில் இருந்த நீர் தொடையில் இருந்தது, அதன் ஓசையே மாறியிருந்தது. ஓட்டம் தடித்துவிட்டது என்பதைக் காதுதான் முதலில் உணர்ந்தது. நரம்பை அறுத்துவிட்டு, கோலை ஊன்றுகோலாக்கி, ஓட்டத்துக்குச் சாய்வாகக் கீழ்நோக்கி நடந்தேன். நேர் குறுக்கே நடந்திருந்தால் கால் நிலைத்திராது. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பை வைத்த பாறை இருந்த இடத்தில் ஒரு சுழி மட்டுமே இருந்தது. குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து கட்டிய ஃப்ளைகள் அந்தப் பைக்குள் இருந்தன.

அதன் பின் உயிர்காப்பு அங்கியின்றி இறங்குவதில்லை. சங்கு ஊதினால், கோலில் என்ன மாட்டியிருந்தாலும் சரி, அறுத்துவிடுவேன். இங்கே கோடை உச்சத்தில் விதிகளையும் பார்த்துக்கொண்டு போங்கள். சூடேறிய நீரில் போராடிய மீனை விட்டுவிட்டாலும் பிழைப்பது கடினம் என்பதால், மேரிலாந்து ஒரு சில வாரங்கள் இம்மீனைக் குறிவைப்பதையே நிறுத்திவைக்கிறது. 1985 முதல் 1990 வரை பிடிப்பதையே முழுவதுமாகத் தடை செய்து மீனை மீட்ட மாநிலம் இது. விதியை இங்கு யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

ராலேயிலிருந்து

வட கரோலைனாவில் ரோனோக் ஆற்றின் கரையில் வெல்டன் என்று ஒரு சிற்றூர். ராக்ஃபிஷ்ஷின் உலகத் தலைநகர் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்கிறது. ஊருக்குச் சற்று மேலே ரோனோக் ரேபிட்ஸ் அணை. அல்பமார்ல் உட்கடலிலிருந்து ஏறி வரும் மீன்கள் ஏப்ரல், மே மாதங்களில் வெல்டன் பாறைப் பாய்ச்சலில் முட்டையிடுகின்றன. என் அனுபவத்தில் பிடித்த மீனைவிடப் பார்த்த காட்சிதான் பெரிது. பொழுது சாயும் நேரத்தில், படகு நின்ற இடத்திலிருந்து இருபது அடிக்குள், ஒரு பெரிய பெட்டை மீன் நீர்ப்பரப்புக்கு வர, அதைச் சுற்றி எட்டுப் பத்துச் சிறிய ஆண்கள் இடித்து மோதி நீரைக் கொதிக்கவிட்டன. உள்ளூரார் இதை ராக் ஃபைட், அதாவது ராக்ஃபிஷ் சண்டை என்பார்கள். பக்கத்தில் பாப்பர் என்ற மிதக்கும் செயற்கை இரையை வீசினால் ஆண்மீன்கள் அதையும் வந்து முட்டும். ஒரு முறை வீசினேன், ஒன்று மாட்டியது. மறுபடி வீச மனம் வரவில்லை, கோலைப் படகில் கிடத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முட்டைகள் தரையில் ஒட்டுவதில்லை. ஓட்டத்தில் மிதந்தபடியே ஏறத்தாழ இரண்டு நாளில் பொரிக்கின்றன. ஓட்டம் நின்றால் அடியில் படிந்து மூச்சடைத்துப்போகும். எனவே அணையின் திறப்பு எங்கள் கால்களுக்கு மட்டுமல்ல, முட்டைகளுக்கும் உயிர்க்கணக்கு. பருவத்தில் திறப்பை அதிக ஏற்ற இறக்கமின்றி வைத்திருக்கும் ஏற்பாடு இங்கே இருந்தும், குஞ்சுகளின் எண்ணிக்கை தொடர்ந்து சரிந்ததால் 2024-இல் மீனை எடுத்துச் செல்லும் பருவமே திறக்கப்படவில்லை. எதிர்முள் (முனையருகே பின்னோக்கி நீட்டிய சிறு கூர்) இல்லாத ஒற்றைத் தூண்டில் முள் என்பது இந்தப் பகுதியில் வசந்தகாலச் சட்டம். இடுக்கியால் எதிர்முள்ளை நசுக்கிவிட்டு, சட்டைத்துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் இழுபடாமல் வெளியே வந்தால் சரி.

சாக்ரமெண்டோவிலிருந்து, மீண்டும்

பால்டிமோர் நண்பரே, பை போனது போகட்டும், நீங்கள் வந்து சேர்ந்தீர்களே. ஓசை மாறுவதைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் ஒருபோதும் கவனித்ததில்லை. என் ஆறு அவ்வளவு உரக்கப் பேசுவதில்லை, எனக்குக் கல்லின் ஈரக்கோடுதான் சங்கு.

இரண்டு பேர் தனிச்செய்தியில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: குழம்பு வைத்தீர்களா? பெரிய மீனை வைப்பதில்லை. தங்கத்தைப் பிரிக்க அந்நாளில் கொட்டிய பாதரசம் இன்னும் இந்த ஆற்றின் வண்டலில் இருக்கிறது. இரைமீன் வழியாக அது பெரிய மீனின் சதையில் சேர்கிறது. குழந்தைகளும் கருவுற்றவர்களும் எதை, எவ்வளவு உண்ணலாம் என்று மாநிலம் அறிவுரைப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது. உண்பவர்கள் அதைப் பார்த்துவிடுங்கள். போன கோடையில், சட்டம் சொல்லும் குறைந்தபட்ச நீளத்தைச் சற்றே தாண்டிய ஒரு சிறிய மீனை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். விலாவின் ஓரமாக ஓடும் கருஞ்சிவப்புச் சதையை வெட்டி எறிந்துவிட்டு, கொடுவாவுக்குச் செய்வது போலவே புளியும் பூண்டும் போட்டுக் குழம்பு வைத்தாள் என் மனைவி. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். முள்ளை ஓரமாக ஒதுக்கியபடியே, கொடுவாதான், ஆனால் உப்புத் தண்ணீர் பத்தவில்லை என்றார்.