இன்டெக்ரிட்டிக்கு ‘கோடாமை’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

பொது நிர்வாக அறவியலின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் சொற்பட்டியலில் இன்டெக்ரிட்டிக்கு (integrity) வந்ததும் நின்றுவிட்டோம். ‘நேர்மை’ இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போதாது. பிரிட்டனில் பொது வாழ்வின் ஒழுக்க நெறிகளை ஆராய்ந்த நோலன் குழு 1995-இல் பொதுப் பொறுப்பில் இருப்போருக்கு ஏழு நெறிகளை வகுத்தது. அவற்றில் இன்டெக்ரிட்டி இரண்டாவது, ஆனஸ்டி (honesty) ஆறாவது. இரண்டையும் ‘நேர்மை’ என்றால் ஏழு நெறிகள் ஆறாகிவிடும்.

இரண்டும் எங்கே பிரிகின்றன? ஓர் அதிகாரியை நினைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் அவர் மகளின் மருத்துவச் செலவை ஓர் ஒப்பந்ததாரர் ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. இந்த வருஷம் அந்த ஒப்பந்ததாரரின் டெண்டர் அதே அதிகாரியின் மேசைக்கு வருகிறது. வந்தவற்றில் அதுதான் குறைந்த விலை. கோப்பில் அதிகாரி எழுதும் குறிப்பில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கணக்கு சரி, விதி சரி, கையெழுத்தும் சரி. வாய்மைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று போன வருஷமே போய்விட்டது. அதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

நோலன் குழுவின் விளக்கமும் இதைத்தான் தொடுகிறது: பணி முடிவுகளைப் பாதிக்கக்கூடிய வகையில், பணத்தாலோ வேறு வழியிலோ, வெளியாருக்குக் கடமைப்பட்ட நிலையில் தன்னை வைத்துக்கொள்ளக் கூடாது. ‘கடமைப்பட்ட’ என்று எழுதியபோது எனக்கே ஒன்று உறைத்தது. பணிக்குரியதும் கடமை, நன்றிக்கடனும் கடமை. அந்த அதிகாரிக்கு ஒரே மேசையில் இரண்டு கடமைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. தமிழ் இதை ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது.

சரி, முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். ‘நாணயம்’ பேச்சில் நன்றாகவே புழங்குகிறது; நாணயமான மனிதர் என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் சமூக அறிவியல் நூலில் அடுத்த இயலிலேயே நாணயக் கொள்கை வந்து நிற்கும். ‘ஒருமைப்பாடு’ நாட்டுக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. இறையாண்மையும் ஒருமைப்பாடும் என்று உறுதிமொழியிலேயே இருக்கிறது. நம்மில் ஓர் ஐயா முன்மொழிந்த ‘முழுமை’ வேர்ச்சொல்லுக்கு நெருக்கமானது என்பதை ஏற்கிறேன். லத்தீன் மூலத்தின் பொருள் தொடப்படாதது, அதனால் குறைபடாதது. ஆனால் ‘முழுமையான அதிகாரி’ என்று எழுதிப் பாருங்கள், ஒன்றுமே புரியாது.

குறளில் தேடியபோது ‘உட்கோட்டம் இன்மை’ முதலில் கண்ணில் பட்டது. உள்ளத்தில் வளைவு இல்லாமை. பொருள் அவ்வளவு பொருத்தம்! ஆனால் நிர்வாகத் தமிழில் உட்கோட்டம் என்றால் காவல் துறைப் பிரிவு. மனசில்லாமல்தான் விட்டேன்.

அதே அதிகாரத்தில் இன்னொன்று இருக்கிறது: ‘கேடும் பெருக்கமும் இல்லல்ல நெஞ்சத்துக் கோடாமை சான்றோர்க்கு அணி.’ இழப்பும் வரவும் எவருக்கும் இல்லாமல் போகாது. அவற்றால் நெஞ்சு வளையாமல் இருப்பதே அணி. ‘கோடாமை’யை இன்டெக்ரிட்டிக்கு முன்மொழிகிறேன்.

அந்த அதிகாரத்தின் தலைப்பே நடுவுநிலைமை, எனவே கோடாமை பாரபட்சமின்மைதானே என்ற மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. தராசை உவமையாகச் சொல்லும் 118-ஆம் குறளில் ‘ஒருபால் கோடாமை’ என்று வருவது பாரபட்சமின்மைதான். மேலே காட்டிய 115-இல் பக்கம் என்ற பேச்சே இல்லை. தனக்கு வரும் லாப நட்டம்தான் பேச்சு. நம் அதிகாரியின் சிக்கலும் அதுவே. அதனால் நடுவுநிலைமையை நோலன் குழுவின் மூன்றாவது நெறியான ஆப்ஜெக்டிவிட்டிக்கும் (objectivity), வாய்மையை ஆனஸ்டிக்கும் கொடுத்துவிடலாம்.

சொல்லின் வடிவமும் எனக்குப் பிடித்திருக்கிறது. கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை என்று நற்பண்புகளுக்கு இப்படிப் பெயர் வைப்பது நம் வழக்கம். இன்னொரு வடிவம் உடைமை: அன்புடைமை, பொறையுடைமை. அரிஸ்டாட்டில் நற்பண்பை ஹெக்ஸிஸ் என்கிறார். அந்தக் கிரேக்கச் சொல் ‘உடைத்திருத்தல்’ என்ற வினையிலிருந்து வந்தது. பண்பு என்பது ஒரு நாள் செய்த செயல் அல்ல, ஒருவரிடம் ஊன்றி நிலைத்த ஒன்று என்பதை இரண்டு மொழிகளும் ஒரே வழியில் சொல்கின்றன. இதை வைத்து, நற்பண்பை மையமாகக் கொண்ட அறவியலான வர்ச்சு எதிக்ஸுக்குப் (virtue ethics) ‘பண்புடைமை அறவியல்’ சரிவருமா என்று தனி மடலில் பேசலாம்.

புதுச்சொல் காதுக்கு அந்நியமாக இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று: மாரல் (moral) என்பதன் லத்தீன் மூலத்தையே ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கிரேக்கச் சொல்லுக்கு ஈடாகப் புதிதாக ஆக்கினார். அதுவும் ஒரு காலத்தில் அந்நியமாகத்தான் ஒலித்திருக்கும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். ‘பரிசைத் திருப்பி அனுப்பித் தன் கோடாமையைக் காத்துக்கொண்டார்’ நன்றாக நிற்கிறது. இன்டெக்ரிட்டி பேக்ட் (integrity pact) என்பதற்குக் ‘கோடாமை உடன்படிக்கை’யும் பரவாயில்லை. பெயரடைதான் இடிக்கிறது. ‘கோடாத அதிகாரி’ என்றால் படிப்பவர் ஒரு நொடி தயங்குகிறார். ‘கோடா நெஞ்சினர்’ செய்யுள் போல இருக்கிறது. தரவு மாறாமல் கெடாமல் இருப்பதைக் குறிக்கும் டேட்டா இன்டெக்ரிட்டிக்கு இந்தச் சொல்லை இழுக்க வேண்டாம், அதற்குச் ‘சிதையாமை’ போதும். பெயரடைக்கு யாரிடமாவது நல்ல வழி இருந்தால் எழுதுங்கள்.