முடிவு ஆதரவா, முடிவாளர் துணையா?

பொருள்: படைத்துறை மென்பொருளுக்குச் சொல் வேண்டும்
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

குழுவினருக்கு வணக்கம்.

களத்தில் அதிகாரிகள் முடிவெடுக்க உதவும் மென்பொருளைப் புத்தொழில் நிறுவனங்கள் எழுதிப் படைகளுக்கு விற்பதைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. பாலந்திர், அண்டுரில், ஹெல்சிங் என்று நிறுவனப் பெயர்கள் செய்திகளில் அடிபடுகின்றன. அவை விற்கும் பொருளுக்கோ தமிழில் நிலையான பெயர் இல்லை. மலாயில் 'சிஸ்தெம் சொக்கோங்கான் கெபுத்துசான்' என்பார்கள். அதையொட்டி 'முடிவு ஆதரவு அமைப்பு' என்று வைக்கலாமா? கணிப்பு எவ்வளவு உறுதி என்று திரையில் வரும் மதிப்புக்கு 'நம்பிக்கை மதிப்பெண்' சரியா?

பொருள்: மறு: படைத்துறை மென்பொருளுக்குச் சொல் வேண்டும்
பட்டர்வொர்த், பினாங்கு

ஐயா, வணக்கம்.

'முடிவு ஆதரவு' வேண்டாம். மலாய்க்காரர்களுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது. தமிழுக்கு வரும்போது இரண்டு இடத்தில் இடறுகிறது. கெபுத்துசான் என்றால் எடுக்கும் முடிவு, எஸ்.பி.எம். எனும் பள்ளித் தேர்வின் முடிவுக்கும் அதே சொல்தான். நம் 'முடிவு' இந்த இரண்டோடு முடிந்துபோவதையும் சேர்த்துக் குறிக்கிறது. 'ஆதரவு' அதைவிடச் சிக்கல். ஒரு முடிவுக்கு ஆதரவு தருவது என்றால், யாரோ எடுத்துவிட்ட முடிவுக்குப் பின்னால் போய் நிற்பது. இந்த மென்பொருளின் வேலையெல்லாம் முடிவுக்கு முன்னால். 1971இல் கோரி, ஸ்காட் மார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் மேலாண்மைத் துறையில் இந்தக் கருத்தை வகுத்தபோது, பாதி கணக்கும் பாதி மனித மதிப்பீடுமாக இருக்கும் சிக்கல்களைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். கணினி தனியாகத் தீர்த்துவிடக்கூடியவை அந்த வகையில் சேரா.

பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் சொல் தானே வரும். ரேடார், ஆளில்லா வானூர்தி எடுக்கும் படம், கப்பல்கள் தாமே ஒலிபரப்பும் அடையாளம், காவல் பிரிவின் அறிக்கை எனப் பல வாசலில் தரவு வருகிறது. ஒரே பொருளைப் பற்றிய குறிப்புகளைச் சேர்த்து எண் கொடுத்தால் அது ஒரு தடம். அடுத்து, அந்தத் தடம் நட்பா, பகையா, நடுநிலையா, அறியாததா? நேட்டோ குறியீட்டில் நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள். அதன் பிறகே என்ன செய்யலாம் என்று இரண்டு மூன்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம், எரிபொருள், ஆபத்து. அதிகாரி ஏற்பார், மாற்றுவார் அல்லது தள்ளுவார். யார், எப்போது, எதைப் பார்த்து ஏற்றார் என்பது பதிவாகும்.

கோளாறு பெரும்பாலும் முதல் படியிலேயே தொடங்கிவிடும். தீபகற்ப மலேசியாவின் பழைய நிலவரைபடங்கள் கெர்த்தாவ் ஆதாரப் புள்ளியை வைத்து வரைந்தவை. ஜி.பி.எஸ். கருவி இடத்தைத் தருவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது ஆதாரத்தின்படி. மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகும். ஒரு கம்பத்தில், அதாவது சிற்றூரில், அது கிடங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள தூரமாக இருக்கலாம். கடிகாரமும் அப்படித்தான். இரண்டு ரேடார்களின் கடிகாரங்கள் 2 விநாடி பிசகினால், விநாடிக்கு 250 மீட்டர் போகும் விமானம் 500 மீட்டர் தள்ளி இன்னொரு முறை தெரியும். மென்பொருள் அதை இரண்டு விமானம் என்று எண்ணிக்கொள்ளும். இதற்கு 'இரட்டைத் தடம்' என்று பெயர் வைக்கலாம். செயல்விளக்கத்தில் இது தலைகாட்டாது, அங்கே ஓடுவது முன்பே துடைத்துச் சீர்செய்த தரவு. மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் சேர்ந்த ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒருங்கிணைந்த பகுதிப் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் இந்தப் பட்டர்வொர்த் தளத்தில்தான் இருக்கிறது. ஐந்து நாட்டார் ஒரே வானைப் பார்க்கும் இடத்தில் 'அறியாதது' என்ற சொல்லுக்கு ஐந்து பேரும் ஒரே பொருள் கொண்டாக வேண்டும்.

'நம்பிக்கை மதிப்பெண்' என்பதை விட்டுவிடுங்கள். 0.9 என்று வந்தால் பத்துக்கு ஒன்பது முறை சரி என்று பொருளல்ல. பயிற்சியில் பார்த்த படங்களோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தனக்குள் போட்டுக்கொண்ட அளவு அது. தனியாகச் சரிபார்த்து அளவிடும் வரை அதை நிகழ்தகவாகக் கொள்ளக் கூடாது. இந்த நிறுவனங்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு தரும். போன பதிப்பில் 0.7 வந்த அதே படத்துக்கு இந்தப் பதிப்பில் 0.9 வரலாம். திரையில் 'நம்பிக்கை' என்று போட்டால் பார்ப்பவர் நம்பத்தான் செய்வார். 'ஒப்பளவு' என்று வையுங்கள், பக்கத்தில் பதிப்பு எண்ணும் வரட்டும்.

இனிப் பெயர். 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ், ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேரும் மாண்டனர். கப்பலின் ரேடாரையும் ஆயுதங்களையும் இணைக்கும் ஏஜிஸ் அமைப்பின் பதிவில் விமானம் ஏறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இறங்குகிறது என்று சொன்னார்கள். திரையில் உயரம் வெறும் எண்ணாக இருந்தது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அடுத்தடுத்த எண்களைப் பார்த்து ஆள்தான் மனத்தில் கணக்கிட வேண்டும். நடுவில் தட எண்ணும் 4474இலிருந்து 4131ஆக மாறியிருந்தது. அந்தத் தடத்துக்குக் கொடுத்த வகைப்பெயர் 'அறியாதது, பகையெனக் கொள்க'. கருவியிடம் சரியான தரவு இருந்தும், முடிவெடுக்க வேண்டியவருக்கு அது துணையாகவில்லை.

ஆகவே துணை முடிவுக்கு அல்ல, முடிவெடுப்பவருக்கு. 'முடிவாளர் துணை' என்கிறேன். செயலாளர், மேலாளர் போல முடிவாளர். சொல்லுக்குள்ளேயே ஓர் ஆள் இருக்கிறார். அவரை நீக்கினால் சொல்லும் உடைந்துவிடும்.

பொருள்: மறு: மறு: படைத்துறை மென்பொருளுக்குச் சொல் வேண்டும்
செந்தூல், கோலாலம்பூர்

அண்ணா, முடிவாளர் எனக்குப் பிடித்திருக்கிறது. 'துணிபுத்துணை' என்று எழுத நினைத்திருந்தேன். துணிபு என்றாலும் முடிவுதான், ஆனால் இன்றைய வாசகருக்குத் துணிவு என்றால் தைரியம்தான் என்பதால் விட்டுவிட்டேன். ஒரு தடை. 2003 மார்ச் 23 அன்று ஈராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியட் வான்காப்பு ஏவுகணை அமைப்பு பிரிட்டனின் டொர்னாடோ போர்விமானத்தை ரேடாரைத் தாக்கும் ஏவுகணை என்று வகைப்படுத்தியது. குழுவினர் சுட்டார்கள், விமானத்தில் இருந்த இருவரும் இறந்தனர். முடிவெடுக்க அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒப்புதல் என்னவோ மனிதருடையதுதான். அதையும் 'துணை' என்றால், பொறுப்பு முழுவதையும் பொத்தானை அழுத்தியவர் தலையில் கட்டுவது போல ஆகாதா?

பொருள்: மறு: மறு: மறு: படைத்துறை மென்பொருளுக்குச் சொல் வேண்டும்
பட்டர்வொர்த், பினாங்கு

தம்பி, தடை நியாயமானது. அதனால் பெயரோடு இரண்டு சொற்களைச் சேர்த்தே கையேட்டில் போட வேண்டும். மனிதர் ஒப்பினால்தான் நடக்கும் என்பது 'ஒப்புமுறை'. மனிதர் தடுக்காவிட்டால் நடந்துவிடும் என்பது 'தடுப்புமுறை'. பல அமைப்புகளில் ஒரே ஒரு தெரிவை மாற்றினால் முதலாவது இரண்டாவதாகிவிடும். விளம்பரத் தாள் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லும். ஒப்புமுறையில் ஓடும்போது மட்டும் முடிவாளர் துணை என்று அழைப்போம். தடுப்புமுறைக்கு அந்தப் பெயரைத் தரக் கூடாது.

ஒரு நிமிடச் சிக்கலுக்கு 'ஒப்பு நேரம்' என்று ஒரு சொல் தேவை. பரிந்துரை திரைக்கு வந்ததிலிருந்து பதில் சொல்லியாக வேண்டிய கணம் வரை உள்ள இடைவெளி அது. நிறுவனம் தரும் தொழில்நுட்பத் தாளில் இந்த அளவு இருந்தாக வேண்டும். இன்னொரு தடத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்க 40 விநாடி பிடிக்கும் திரையில் 30 விநாடி ஒப்பு நேரம் என்றால், ஒப்புமுறை என்ற பெயர் அங்கே பொய். தானாக இயங்கும் ஆயுதங்கள் பற்றிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 3000.09 ஆணை, 2012இல் வந்து 2023இல் திருத்தப்பட்டது, படைபலத்தைப் பயன்படுத்துவதில் தகுந்த அளவு மனித மதிப்பீடு வேண்டும் என்கிறது. அங்கே வரும் 'ஜட்ஜ்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் 'தீர்ப்பு' என்று மொழிபெயர்க்காதீர்கள், நீதிமன்ற வாடை வரும். மதிப்பீடு போதும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஐயாவுக்கு ஒன்று. பரிந்துரையை ஏற்காமல் அதிகாரி வேறு வழி எடுக்கும் பொத்தானுக்குக் கையேட்டின் மாதிரித் திரையில் 'மீறு' என்று வைத்துவிடாதீர்கள். விதியை மீறுகிறோமோ என்று விரல் தயங்கும். 'மாற்று' என்று வையுங்கள். காரணம் எழுதும் கட்டத்தை 'ஏற்கிறேன்' பொத்தானுக்கும் வையுங்கள். மறுப்பவரிடம் மட்டும் காரணம் கேட்டால், நெருக்கடியில் எல்லாரும் ஏற்றுவிட்டுப் போவார்கள்.