50 சீட் ஜெட்டை ஏன் ஓரங்கட்டுறாங்க?

கேள்வி (பெங்களூரு):
அமெரிக்காவுல சிஆர்ஜே-200ங்கிற 50 சீட் ஜெட் விமானங்களை வரிசையா நிறுத்திட்டு வர்றாங்களே, பறக்கிற நிலையில இருக்கிறதைக் கூடவா? நம்ம ஊர் ஸ்டார் ஏர்ல ஏறின எம்ப்ரேயர் 145-உம் 50 சீட்தானே?

பதில்:
இங்கே விமானம் பழுது பார்க்கிற ஹேங்கர்ல வேலை பார்க்கிறவன் சொல்றேன் தம்பி. வயசை வருஷத்துல பார்க்காதே, சைக்கிள்ல பாரு. ஒரு டேக்ஆஃப், ஒரு லேண்டிங் சேர்ந்தா ஒண்ணு. குட்டி ரூட்ல அது மளமளன்னு ஏறிடும். ஒவ்வொரு தடவையும் கேபின் அழுத்தம் ஏறி இறங்க, ரிவெட் ஓட்டையோரம் மயிரிழை விரிசல் விடலாம். எடி கரண்ட் ப்ரோபை (மின்சாரத்தால உலோக விரிசலைக் கண்டுபிடிக்கிற கருவி) வச்சுத் தடவித் தடவித் தேடணும், கழுத்து போயிடும். எஞ்சின் டிஸ்க் (உள்ளே சுத்துற பிளேடுகளைத் தாங்குற தட்டு) பளபளன்னு இருந்தாலும் அதுக்கான சைக்கிள் கணக்கு முடிஞ்சா கழற்றியே ஆகணும். இத்தனை செலவையும் 50 டிக்கெட்ல எப்படி எடுக்கிறது?

கேட்டவர்:
அப்புறம் எடைக்குப் போட்டுடுவாங்களாண்ணா?

பதில்:
உடனே இல்ல. எஞ்சின், ஏபியுங்கிற குட்டி துணை எஞ்சின், லேண்டிங் கியர் எல்லாம் தனித்தனியா விலை போகும். மிஞ்சுற கூடுதான் பழைய அலுமினியம்.