டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்ப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். நர்சிங் மாணவர்களுக்கு மருத்துவ அறம் பற்றி வகுப்பெடுக்கப் போகிறேன். 1962-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மிஷின்கள் ஒரு சிலவே. யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க ஏழு பேர் குழு. பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி எல்லாம் அதில் உண்டு. நோயாளியின் வருமானம், படிப்பு, சர்ச்சுக்குப் போகிறாரா என்பதுவரை அலசினார்கள். படிக்கவே மனசு பொறுக்கவில்லை. 1972-இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டுச் செலவை ஏற்ற பிறகுதான் இதற்கு ஒரு வழி பிறந்தது.

சரி, நம் ஊரில் மிஷினுக்கு மேல் ஆள் வந்தால் முறை எப்படி ஒதுக்குகிறீர்கள்? முதலில் வந்தவருக்கா, மூச்சுத்திணறலோடு வந்தவருக்கா? தகுதி பார்ப்பதைவிடக் குலுக்கலே மேல் என்பது என் எண்ணம். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நீங்கள். நோயாளி பெயர், மருத்துவமனை பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் கமெண்டில் எழுதுங்கள்.