ரன்னிங் மேட்: 'இணை வேட்பாளர்' சரிவருமா?

வணக்கம்.

அமெரிக்கத் தேர்தலில் அதிபர் வேட்பாளரோடு சோடியாகத் துணை அதிபர் பதவிக்கு நிற்பவரை ஆங்கிலத்தில் ரன்னிங் மேட் (running mate) என்பார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் இங்கே பேச்சு. 'துணை அதிபர் வேட்பாளர்' போதும், நாளிதழ்களில் அப்படித்தானே வருகிறது என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு அது போதவில்லை ஐயா. எந்தப் பதவிக்கு நிற்கிறார் என்று சொல்கிறதே தவிர, யாரோடு சேர்ந்து நிற்கிறார் என்று சொல்லவில்லை. அதோடு ஒஹையோ மாதிரி அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் வேட்பாளருக்கும் ரன்னிங் மேட் உண்டு, அங்கே 'அதிபர்' எங்கிருந்து வருவார்?

நண்பர் சொன்ன 'உடனோடி' முன்னோடி போலவே அழகாக அமைந்திருக்கிறது, மூலத்துக்கும் பொருந்தும், ஏனென்றால் அந்தச் சொல்லே குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது: ஒரு குதிரை ஜெயிக்க வேகம் பிடித்துக் கொடுப்பதற்காக அதே லாயத்திலிருந்து கூடவே ஓடவிடுகிற இன்னொரு குதிரை. ஆனால் நம் பேச்சில் தேர்தலில் யாரும் ஓடுவதில்லையே, நிற்கிறார்கள். "எந்தத் தொகுதியில் நிற்கிறார்?" என்றுதான் கேட்போம். அப்புறம், சங்கப் பாடல்களில் உடன்போக்கு (காதலி காதலனோடு ஊரைவிட்டுப் போவது) படித்தவர்கள் காதில் உடனோடி வேறு மாதிரி விழும்.

'துணை வேட்பாளர்' என்றால், நம்மூரில் மனு தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று கூடவே தாக்கல் செய்கிற மாற்று வேட்பாளரோடு குழம்பும். 'சக வேட்பாளர்' எதிர்த்து நிற்பவரையும் குறிக்கும்.

அதனால்தான் 'இணை வேட்பாளர்' என்கிறேன். இணை இயக்குநர், துணை இயக்குநர் என்று படிநிலை இருக்கும்போது இணை என்றால் சமம் என்று ஆகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இங்கே இணை என்பது சோடி. 1796இல் அதிபரானவர் ஆடம்ஸ், துணை அதிபரானவர் அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்சன், அப்போது இரண்டாவதாக வந்தவருக்கே அந்தப் பதவி. 1804இல் அமெரிக்க அரசமைப்பில் 12ஆவது திருத்தம் வந்து இரண்டு பதவிகளுக்கும் தேர்வாளர்கள் (மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) தனித்தனியாக வாக்களிக்கும் முறை வந்தது. இன்றைக்கு மக்கள் கையில் இருக்கும் வாக்குச்சீட்டில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும், குறி ஒன்றுதான், ஒருவரை விட்டு மற்றவருக்கு மட்டும் போட முடியாது.

இன்னொரு வசதி, சேர்ந்து நிற்கும் இருவரையும் ஒன்றாகச் சொல்கிற டிக்கெட் (ticket) என்பதற்கும் இதே சொல் உதவுகிறது: 'பைடன்-ஹாரிஸ் இணை'.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். "1960இல் கென்னடி, கட்சிக்குள் தன்னோடு மோதிய லிண்டன் ஜான்சனையே இணை வேட்பாளராக்கினார்." "2024 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் டிம் வால்ஸை இணை வேட்பாளராக அறிவித்தார்." எனக்கு எங்கும் இடறவில்லை. ஆளுநர் தேர்தல் செய்தி ஒன்றிலும் யாராவது போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், சரிவந்தால் விக்சனரி இணைய அகராதியில் ஏற்றிவிடலாம்.