புதுப்பிப்பு: மேடுகள் நிறைந்த மாரத்தானுக்கு இன்னும் மூன்று வாரம்

சமதளத்திலேயே ஓடிப் பழகிய நான், மேடு பள்ளமான வசந்தகால நகர மாரத்தானுக்கு எப்படித் தயாராவது என்று முன்பு கேட்டிருந்தேன். ஏற்றத்தை நினைத்துத்தான் பயந்தேன். உண்மையில் படுத்தியது இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குவதால் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, இரண்டாம் நாளும் வலிக்கிறது. ஆனால் பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு நோகாது. அதனால் நீண்ட ஓட்டத்தின் கடைசியில் இறக்கங்களைச் சேர்த்தேன், சின்னச் சின்ன எட்டுகளாக வைத்து. போன ஞாயிறு 32 கிலோமீட்டர். செவ்வாயன்று வலியில்லாமல் மாடிப்படி இறங்கினேன். அவ்வளவு சந்தோஷம்! ஏற்றத்தில் இப்போது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, மூச்சைத்தான் கவனிக்கிறேன். அப்புறம், பயிற்சி முழுக்கக் குளிரில்தான். போட்டியன்று வெயிலடித்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். இனி தூரத்தைக் குறைத்து ஓய்வு.