மறுமொழி: பேஸ் கிதாரின் டோன் குமிழுக்கு ஒரே சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

பேஸ் கிதாரின் மின்பாகங்களுக்குத் தமிழ்ச்சொற்பட்டியல் ஆக்கும் இந்த இழை, ப்ரீஆம்ப்புக்கு (ஆம்ப்புக்கு முன்னால் நிற்கும் சிறு பெருக்கிச் சுற்று) முன்பெருக்கியா, முற்பெருக்கியா, முன்மிகைப்பியா என்று நீண்டுகொண்டே போகிறது. என் வாக்கு முன்பெருக்கிக்கு. பெருக்கி என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அதை இனி அசைக்க வேண்டாம். புணர்ச்சிப்படி முற்பெருக்கிதானே வரும் என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். முற்பகல், முற்பிறவி போல முன்பணம், முன்பதிவும் தமிழில்தான் இருக்கின்றன. வாசிப்பவர் காதில் முன்பெருக்கி சட்டென்று விளங்குகிறது. பெருக்கிக்கு இலங்கை நண்பர் சொன்ன விரியலாக்கி எனக்கு மிகவும் பிடித்த சொல். அங்கே படித்தவர்களுக்காக முன்விரியலாக்கியை இணைச்சொல்லாகப் பட்டியலில் சேர்ப்போம்.

எனக்கு உறுத்துவது பட்டியலின் அடுத்த வரி, அதாவது ஒலியின் தன்மையை மாற்றும் குமிழின் பெயர். "டோன் கண்ட்ரோல் – தொனிக் கட்டுப்பாடு" என்று போட்டு முடித்திருக்கிறோம். பேஸ் கிதாரில் அந்த ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டது என்பதற்காக நாமும் அப்படியே அடைக்க வேண்டுமா?

முதல் வகை, மின்கலம் இல்லாத கிதார். 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. பிக்கப்பிலிருந்து (தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருள்) வரும் கம்பியில் ஒரு மாறுமின்தடையும் ஒரு மின்தேக்கியும் தொடராக நின்று தரைக்கு (எர்த்) ஒரு வழி திறந்துவைக்கின்றன. இன்று பரவலாகக் காண்பது 250 கிலோ ஓம் மின்தடை, 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. அடி 'ஈ' தந்தியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் இந்த மின்தேக்கியின் மறுப்பு (மாறுமின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ 82 கிலோ ஓம். 1000 ஹெர்ட்ஸில் அதுவே 3.4 கிலோ ஓம்தான். ஆக, குமிழை மூட மூட உச்ச ஒலிகள் தரைக்கு ஓடிவிடுகின்றன, மந்த ஒலிகள் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. முழுக்கத் திறந்துவைத்தால் குமிழ் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்வதில்லை. இந்தக் குமிழால் எதையும் சேர்க்க முடியாது. முழுக்க மூடும்போது சுருளும் மின்தேக்கியும் ஒத்ததிர்ந்து நடுப்பகுதிக்குக் கீழே ஒரு சிறு மேடு எழும்பலாமே என்று யாராவது கேட்பீர்கள். சில பிக்கப்புகளில் எழும்பும். ஆனால் அதுவும் வெளியிலிருந்து வந்த ஆற்றல் அல்ல.

சேலத்திலும் ஏற்காட்டிலும் தேவாலய இசைக்குழுக்களில் பேஸ் வாசிக்கப் பழகும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது: டோன் குமிழை மூடிவிட்டு "பேஸ் கூட்டிவிட்டேன்" என்பார்கள். காதுக்கு அப்படித்தான் தோன்றும். உச்சம் போனதும் மந்தம் பெருத்ததுபோல் இருக்கும். பிறகு கோயில் நிறையக் கூட்டம் சேர்ந்து பாடும்போது பேஸ் எங்கே என்றே தெரியாது. விரல் தந்தியைத் தொடும் அந்தக் கூர்மையான தொடக்கம்தான் கூட்டத்தின் குரலைத் தாண்டிக் கேட்கும். குமிழை மூடியதில் போனது அதுதான். 'கட்டுப்பாடு' என்ற சொல் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே இந்த வகைக்கு தணிகுமிழ் என்று முன்மொழிகிறேன். கடைகயிறு, சுடுகாடு போல வினைத்தொகை. தணிக்கும் குமிழ், அவ்வளவுதான். பெயரைக் கேட்டாலே இது குறைக்க மட்டும் செய்யும் என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் வகை, உள்ளே மின்கலமும் முன்பெருக்கியும் வைத்த கிதார். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேதான் இதைப் பரவலாகக் கொண்டுபோனது. இதில் முன்பெருக்கியின் முதல் வேலை ஒலியைப் பெருக்குவதே அல்ல. பிக்கப்பின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு (இம்பீடன்ஸ்) அதிகம். சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் மின்தேக்குதிறன் இருக்கும். மேடையிலிருந்து மிக்ஸர் வரை பத்து மீட்டர் இழுத்தால் 1000 ஆகிவிடும், உச்சம் வழியிலேயே தேய்ந்துவிடும். முன்பெருக்கி நடுவில் நின்று வெளியீட்டு மின்னெதிர்ப்பைத் தாழ்த்தித் தருவதால் கேபிளின் நீளம் அவ்வளவு உறுத்துவதில்லை. அப்படியானால் பெருக்கி என்ற பெயர் தவறல்லவா என்று கோவை நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் மைக்கிற்கு மிக்ஸரில் இருப்பதும், பேஸ் ஆம்ப் பெட்டிக்குள் முதல் கட்டமாக இருப்பதும் முன்பெருக்கிதான். கிதாருக்கு மட்டும் தனிச்சொல் ஆக்கினால் பழுது பார்ப்பவர் திண்டாடுவார்.

அடுத்த வேலைதான் தொனி. ஆங்கிலேயப் பொறியாளர் பீட்டர் பாக்ஸாண்டால் 1952இல் வெளியிட்ட எதிர்ப்பின்னூட்டச் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக உள்ளீட்டுக்கே திருப்பித்தரும்) சுற்றின் வழிவந்தவை இன்றும் பல கிதார்களுக்குள் இருக்கின்றன. குமிழ் நடுவில் நின்றால் மாற்றம் இல்லை. ஒரு பக்கம் திருப்பினால் அந்தக் குமிழுக்குரிய அதிர்வெண் பட்டை கூடும், மறுபக்கம் குறையும். இங்கே உண்மையாகவே சேர்க்க முடிகிறது. அதற்கான ஆற்றலை மின்கலம் தருகிறது.

இதற்கு 'ஏற்றிறக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் நயமானதுதான், ஆனால் இசைக்காரர்களிடம் செல்லாது. ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை மேடைகளுக்கு அருகே நின்று கேளுங்கள். "சுதியை ஏத்து", "அரைக்கட்டை இறக்கு" என்றால் அது சுருதி. சத்தத்துக்கும் தொனிக்கும் "கூட்டு", "குறை" என்பார்கள். "ட்ரெபிள் கொஞ்சம் குறைங்க" என்பதைச் சொல்லாத பாடகர் கிடையாது. பாடுபவர் ஏற்று என்று சொல்ல, வாசிப்பவர் மந்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? அதனால் இந்த வகைக்கு கூட்டுகுறை குமிழ் என்பதே சரி என்று நினைக்கிறேன். மந்தக் கூட்டுகுறை, உச்சக் கூட்டுகுறை என்று பட்டையின் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டைகளின் பெயரிலும் ஒரு வார்த்தை. மெலிவு, சமன், வலிவு என்ற பழந்தமிழ் இசைச்சொற்களைப் பரிந்துரைத்தவரின் ஆர்வம் எனக்குப் புரிகிறது; அவை மூன்று ஸ்தாயிகளுக்கு உரிய பெயர்கள், மறக்கக்கூடாதவை. ஆனால் பேஸ் வாசிப்பவர் நெஞ்சில் அதிரும் கனத்தை மெலிவு என்று எழுதினால், ஒலி மெலிந்துவிட்டது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். சமன் என்பதும் ஈக்வலைசருக்கு வழங்கும் சமன்படுத்தியோடு மோதும். மந்தம், நடு, உச்சம் போதும்.

பேசிவ், ஆக்டிவ் இரண்டுக்கும் செயலற்ற, செயலுறு என்று போட்டிருப்பதையும் மாற்றலாம். செயலற்ற கிதார் என்றால் பழுதான கிதார் என்றுதான் கடைக்காரர் நினைப்பார். கிதாரைப் பொறுத்தவரை வேறுபாடு மின்கலம்தான். மின்கலமில்லா வகை, மின்கல வகை என்று சொல்லிவிடலாம். இதில் இன்னொரு பயனும் உண்டு. பெரும்பாலான மின்கலக் கிதார்களில் கேபிளைச் செருகியதும் ஜாக்கே சுவிட்சாகி மின்கலத்தை இணைத்துவிடும். வாசித்து முடித்தபின் கேபிளைப் பிடுங்காமல் வைத்தால் 9 வோல்ட் மின்கலம் சும்மாவே தீர்ந்துகொண்டிருக்கும். வகையின் பெயரிலேயே மின்கலம் இருந்தால், புதிதாக வாங்குபவர் அதை நினைவில் வைப்பார்.

ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு விடை கிடைக்கவில்லை. நடுப்பட்டையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ், அந்த நடு எந்த அதிர்வெண்ணில் அமைய வேண்டும் என்று நகர்த்த இன்னொரு குமிழ் என்று சில கிதார்களில் இருக்கும். இரண்டாவதற்கு 'நடுநகர்த்தி' என்று வைத்திருக்கிறேன். வாயில் சரளமாக வரவில்லை. மேடையில் ஒரே மூச்சில் சொல்லும்படி யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
அஸ்தம்பட்டி, சேலம்